பேய்க்கு நாடி பார்த்தவர்கள்

நுழைவாயிலில் சவப்பெட்டிக்குள் உட்கார்ந்து ஒருவன்
தாயத்து விற்றான்.
பச்சையாய் மினுங்கும் பிளாஸ்டிக் தாயத்து, ஆறு யூரோ.
கழுத்தில் கிடந்தால் எந்தப் பேயும் கிட்டே வராதாம்.
"பேய் வராமலிருக்கவா
ஐம்பது யூரோ கொடுத்து வந்தோம்?" என்றாள் டிராகானா.
ஹைக்கே மட்டும் சத்தமில்லாமல் ஒன்று வாங்கி
மப்ளருக்குள் ஒளித்துக்கொண்டாள்.
வார்டில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால்
இளம் மருத்துவர்கள் சுவரோடு சுவராவார்கள்.

பொட்ராப், அக்டோபரின் கடைசிச் சனி.
மழை பெய்யவும் இல்லை, விடவும் இல்லை.
ஐந்து வீடுகள். ஒவ்வொன்றின் வாசலிலும்
மாதக் கடைசி ரேஷன் கடைபோல வரிசை.
பயப்பட இன்னும் எழுபது நிமிடம் என்று
பலகையில் போட்டிருந்தார்கள்.
நாங்கள் நால்வரும் டயாலிசிஸ் பிரிவு.
நாலு மணி நேரம் அசையாமலிருங்கள் என்று
பிறருக்குச் சொல்லிப் பழகியவர்கள்
கால் மாற்றிக் கால் மாற்றி நின்றோம்.

முதல் வீட்டில் பொம்மைகள். அதை விடுங்கள்.
இரண்டாவதில் ரம்பக்காரன்.
சங்கிலி கழற்றிய ரம்பம், வெறும் உறுமல்தான்.
நான் போட்ட சத்தம் நாகர்கோவிலுக்குக் கேட்டிருக்கும்.
"ஐயோ என்றால் ஜெர்மனில் என்ன?"
வெளியே வந்ததும் யூசுஃப் கேட்டான்.
ஐயோவுக்கு ஐயோதான் என்றேன்.

மூன்றாவது,
கைவிடப்பட்ட மருத்துவமனை.

சுவரெல்லாம் ரத்தம். ரத்தம் அந்த நிறமில்லை.
காய்ந்தால் டீக்கறைபோலப் பழுத்துவிடும்,
இவர்கள் குங்குமத்தைக் கரைத்து வீசியிருந்தார்கள்.
டிரிப் குழாயில் கிளிப் இல்லை.
ஊசி போட மஞ்சள் டப்பா இல்லை.
"ஆய்வுக்கு வந்தால் செத்தார்கள்," முனகினாள் ஹைக்கே
என் பெல்ட்டை இறுக்கிப் பிடித்தபடி.
தலையில்லாத நர்ஸ் ஒருத்தி எப்படியோ கத்தினாள்.
ஆறாவது இரவுப் பணியில்
எல்லோரும் அப்படித்தான்.

அப்போது அடித்தது அலாரம்.

ஸ்பீக்கரில் பதிவு செய்து வைத்ததுதான்.
முன்னே போன கல்லூரிப் பிள்ளைகள்
அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள்.
நாங்கள் நால்வரும் உள்ளே ஓடினோம்.

ஏழாம் எண் கட்டில்.
எங்கள் ஏழாம் நாற்காலி
செவ்வாயிலிருந்து காலி.
யாரும் அதைச் சொல்லவில்லை.

கட்டிலில் சுண்ணாம்பு முகத்தோடு ஒரு பையன்,
வாயோரம் ரப்பர் புழு.
அவன் எழுந்து பாயவேண்டிய நொடியில்
மணிக்கட்டில் ஹைக்கேயின் இரண்டு விரல்கள்.
யூசுஃப் தலைமாட்டை உயர்த்த விசை தேடினான்.
டிராகானா போர்வையை இழுத்துவிட்டாள்.
நான் அலாரத்தை அணைக்க
பொத்தான் என்று ஒட்டிவைத்த வெறும் படத்தை
அழுத்திக்கொண்டே இருந்தேன்.

பேய்க்கு நாடி நூற்றுப்பன்னிரண்டு.
"கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தாய்?"
பேய் விழித்தது.
வேடத்தை விட்டு இறங்கலாமா என்று யோசித்தது.
"நாலு மணிக்கு."
பத்தொன்பது வயதுக் குரல், சளியோடு.

ஹைக்கே பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள்.
குனிந்தபோது தாயத்து வெளியே விழுந்து
அவன் முகத்தைப் பச்சையாக்கியது.
சட்டப்படி அவன் விலகிப்போக வேண்டும்.
போகாமல் குடித்தான்,
புழுவை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு.

அடுத்து நுழைந்த கூட்டம்
பிணத்தின்மேல் கவிந்திருந்த
எங்கள் நாலு பேரையும் பார்த்து
வீரிட்டது.
யாரோ கைதட்டவும் செய்தார்கள்.

நான்காவது, ஐந்தாவது வீடுகளுக்குப் போகவில்லை.
சர்க்கரைப் பாதாம் வாங்கினோம், சூடு ஆறுமுன் தீர்ந்தது.
திங்கள் காலை ஏழில் புது ஆள் வருகிறார் என்றான் யூசுஃப்.
பெயர் என்ன என்று டிராகானா கேட்டாள்,
இன்னும் தெரியாது.

எஸ்ஸன் ரயிலில் நல்ல நெரிசல்.
ஹைக்கே தாயத்தைக் கழற்ற மறந்திருந்தாள்.
அது மினுங்கிக்கொண்டே வந்தது.
எங்கள் எதிர் இருக்கையில் மட்டும்
கடைசிவரை யாரும் உட்காரவில்லை.